தண்டோடு அரைத்த கங்குன்

1. மெஷின் வந்த வருடம்

நஸ்ரீன் வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் என்ன பிழை செய்தார் என்று கேட்டால் ஒன்றுமில்லை. புது மெஷினுக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எங்கள் லாப் கொழும்பில் உணவுப் பொருட்களைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் இடம். மரக்கறியில் பூச்சிமருந்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது, அரிசியில் காட்மியம் இருக்கிறதா என்பதெல்லாம் பார்ப்போம். நான் அங்கே இருபத்துமூன்று வருடம், பூச்சிமருந்தைப் பிரித்துக் காட்டும் பழைய ஜிசி மெஷினோடு மல்லுக்கட்டியவன். அது மக்கர் பண்ணினால் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும் எல்சி-எம்எஸ் மெஷின் ஒன்று வாங்கித் தாருங்கள் என்று டிரெக்டருக்கு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு ஃபைல் நிரம்பும். கடைசியில் மெஷின் வந்தது. கூடவே, வெளிநாட்டில் அதில் பயிற்சி எடுத்தவர் என்று கிராண்ட்பாஸிலிருந்து நஸ்ரீனும் வந்தார். இருபத்தெட்டு வயது. நான் கேட்டு வாங்கிய மெஷினில் அவர் வேலை செய்ய, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டிரெக்டர் என்னைச் சமாதானப்படுத்த ஒரு பதவி தந்தார். நஸ்ரீன் செய்யும் எந்த ரிப்போர்ட்டும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அந்தக் கையெழுத்தைத்தான் நான் பிறகு கெடுத்தேன்.

2. மேரியின் கீரை

மேரி கொட்டாஞ்சேனையில் ஒரு சிறுபிள்ளைகள் பள்ளிக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர். கிழமையில் நாலு நாள் கங்குன் கீரை. வாய்க்கால் ஓரத்தில் பயிரிடும் ஒருவர் அவருக்கு நேராகக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தத் தண்ணீரில் ஏதோ மணக்கிறது என்று ஒரு தகப்பன் சொன்னதால், சோதித்து ரிப்போர்ட் கொண்டுவரும்படி பள்ளியில் கேட்டுவிட்டார்கள். மேரி ஈரத் துணியில் சுற்றிய கட்டுகளோடு வந்து நின்றார்.

பூச்சிமருந்துக்கு நான் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. பீஃபாஸுக்கு நஸ்ரீன் பார்த்தார். பீஃபாஸ் என்பது பெரிய இரசாயனக் குடும்பம். மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கவும், தாச்சியில் முட்டை ஒட்டாமல் இருக்கவும் போடுவது. தண்ணீரிலும் மண்ணிலும் சேர்ந்துவிட்டால் லேசில் உடையாது, உடம்புக்குள் போனாலும் வருடக்கணக்கில் நிற்கும். கங்குன் தண்ணீரிலேயே நிற்கும் கீரை. வேரால் தண்ணீரை இழுத்து இலையால் ஆவியாக விடும். தண்ணீர் போய்விடும், இந்தச் சாமான் இலையில் தங்கிவிடும். அதனால் முற்றின இலையில்தான் அதிகம் சேரும். கழுவினாலும் அவித்தாலும் போகாது. இவ்வளவும் எனக்குப் பாடம். பழகுநர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

மெஷின் கீறும் கோட்டில், சாமான் இருக்கும் இடத்தில் எழும்பும் முனையை பீக் என்போம்; நஸ்ரீனின் ரிசல்ட்டில் அது உயர்ந்து நின்றது. லாப் வைத்திருந்த எச்சரிக்கை அளவைத் தாண்டிவிட்டது. ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தது. கங்குனில் இதைக் கண்டுபிடித்து டிரெக்டரிடம் பேர் வாங்கப்போகிறவர் அவர் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிள்ளைகளின் சாப்பாடு இரண்டாவதாகத்தான் தோன்றியது.

பீஃபாஸ் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. சில கிரீம்களில், சில உடுப்புகளில் அதுவே இருக்கும், சாம்பிளில் ஒட்டிவிடும். நஸ்ரீனின் கைப்பையில் ஒரு கை கிரீம் டியூப்பை நான் பார்த்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். சாம்பிள் மாசுபட்டிருக்கலாம், நானே திரும்பச் செய்யப்போகிறேன் என்று டிரெக்டருக்குக் குறிப்பு எழுதினேன். கீரை போடாமல் மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரிச் செய்து ஓட்டுவதை பிளாங்க் என்போம். கையில் அழுக்கு இருந்தால் அதில் காட்டிக் கொடுத்துவிடும். நஸ்ரீனின் பிளாங்க் சுத்தமாக இருந்தது. பார்த்தேன். குறிப்பில் எழுதவில்லை.

அன்று பின்னேரம் மேரி போன் பண்ணினார்.

"சேர், பிள்ளைகளுக்குக் கீரை குடுக்கலாமா? நிப்பாட்டவா?"

"இன்னும் சரியா முடியேல்லை மேரி. பழையபடி குடுங்கோ. ஒண்டுமிராது," என்றேன்.

நிப்பாட்டச் சொன்னால் நஸ்ரீன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

3. நான் ஆய்ந்த கீரை

புதுக் கட்டு ஒன்றை மேரியிடம் கேட்டு வாங்கி, நானே உட்கார்ந்து தயார் பண்ணினேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் கீரை ஆய்வது என் வேலை. நுனியையும் இளம் இலையையும் கிள்ளி எடுப்பேன், முற்றின இலையும் தண்டும் குப்பைக்குப் போகும். லாபிலும் கை தன்பாட்டில் அதையே செய்தது. கழித்ததை மட்டும் எறியவில்லை. ரிப்போர்ட் போகும்வரை சாம்பிளில் ஒரு துண்டும் எறியக் கூடாது என்பது சட்டம். பையில் கட்டி, 'கழிவு' என்று எழுதி ஃபிரீசரில் வைத்தேன்.

மெஷினை நஸ்ரீன்தான் ஓட்டித் தந்தார். என் சாம்பிளில் பீக் சின்னதாக வந்தது, எச்சரிக்கை அளவுக்குக் கீழே. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரின்ட் எடுத்த கடதாசியை அவர் மேசையில் வைத்து, இனிமேல் கிரீம் பூசுகிற பழக்கத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கடதாசியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று இரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

இடையில் மேரி இன்னும் இரண்டு தரம் போன் எடுத்தார். இரண்டு தரமும் அதே பதில்தான் சொன்னேன்.

4. கழிவுப் பை

அடுத்த நாள் காலை நஸ்ரீன் என் மேசைக்கு வந்தார்.

"சேர், மேரி அக்காவோட கதைச்சேன். அவங்க கங்குன ஆயிறதில்லையாம். அடிவேரை மட்டும் வெட்டிட்டு, தண்டு, முத்தின இலை எல்லாத்தையும் பொடியா அரிஞ்சு போடுறாங்களாம். ஃபிரீசர்ல நீங்க கழிவுன்னு எழுதி வச்ச பை ஒண்டு இருக்கு. அதையும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டா?"

கேட்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்படியும், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. போய் ஓட்டுங்கள் என்றேன்.

கழிவுப் பையின் பீக், நஸ்ரீனின் முதல் ரிசல்ட்டையும் விட உயர்ந்து நின்றது. முதல் சோதனைக்கு அவர் கீரைக்கட்டை முழுதாக, தண்டோடு அரைத்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டதும் அதைத்தான். நான் சோதித்தது என் வீட்டுக் கறியை. சமைப்பவரிடம் ஒரு போன் எடுத்து எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்க, இருபத்துமூன்று வருட அனுபவத்துக்குத் தோன்றவில்லை.

டிரெக்டர் என்னைக் கூப்பிடவில்லை. நஸ்ரீன் அவரிடம், இளம் இலை வேறு, முற்றின இலை வேறு என்று இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தோம் என்று சொல்லியிருந்தார். என்னைக் காப்பாற்றிவிட்டார். அதற்கும் எனக்கு எரிந்தது. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். இவ்வளவு நல்லவராகவும் இருக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டபோது, முதல் ரிசல்ட் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மேரி நேரில் வந்து எடுத்தார். நஸ்ரீன் அவருக்கு விளக்கிச் சொன்னார். முற்றின இலையில்தான் அதிகம் சேரும், இந்தத் தண்ணீரில் வளர்ந்ததை இனி வாங்க வேண்டாம், வேறு இடத்துக் கீரையும் கொண்டுவாருங்கள், சோதித்துத் தருகிறோம் என்றார். மேரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிப்போர்ட்டில் போட்டிருந்த திகதிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முதல் சோதிச்ச அண்டைக்கே தெரிஞ்சிருக்கே. அப்ப ஏன் போன்ல குடுக்கச் சொன்னீங்க?"

நஸ்ரீன் வாயைத் திறந்தார். மெஷின் பழுது என்று ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் சொன்னனான், மேரி. பிழையாச் சொல்லிப்போட்டன்."

மேரி ரிப்போர்ட்டிலிருந்து விரலை எடுத்தார். என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"என்ட மகளும் அங்கதான் படிக்கிறா, சேர். மத்தப் பிள்ளைகள் கீரைய மிச்சம் வைப்பாங்க. நீங்க ஒண்டுமில்லை எண்டதால, அந்த மிச்சத்தையும் அவளுக்குத்தான் ஊட்டினன்."

ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒன்பது நாளில் சாப்பிட்டது அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும், செய்யாமலே போகுமா என்பதைச் சொல்ல எங்களிடம் மெஷின் இல்லை. நஸ்ரீனிடமும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பொறாமைப்படாதீர்கள் என்று புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நஸ்ரீன் இன்று அந்த லாபுக்குத் தலைமை. அவர் பேரைப் பேப்பரில் பார்த்தால் இப்போதும் எனக்குத் தேத்தண்ணீர் கசக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள், பத்துத் தரம் திரும்பச் செய்யுங்கள், டிரெக்டருக்கும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முதல் சமைக்கிறவருக்கு ஒரு போன் எடுத்து, நாங்கள் சண்டை பிடித்து முடிக்கும்வரை கீரையை நிப்பாட்டி வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.