என் பெயரில் ஒரு நம்பர்

மஸ்கட்டில் யாரும் மிஸ்டு கால் கொடுப்பதில்லை. அது தெரியாமல் வந்த புதிதில் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு மீன் கம்பெனியில் ஐஸ் வண்டி ஓட்டுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லோடு ஏற்றிக்கொண்டு குடோன் கேட்டுக்கு வந்து நின்றதும், சூப்பர்வைசர் சலீமுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்தேன். வந்துவிட்டேன், கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்று அர்த்தம். சலீம் ஓமான்காரர். உடனே திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவருக்குக் காசு போகுமே என்று ஒரு மரியாதை. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தன் நீள வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "முஷ்கிலா? முஷ்கிலா? வண்டி எங்கே மோதியது?" என்று பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் கேட்டார். முஷ்கிலா என்றால் பிரச்சினை. "நோ முஷ்கிலா, மிஸ்டு கால்" என்றேன். "நான் மிஸ் பண்ணவில்லையே, எடுக்கத்தான் போனேன். நீதானே கட் பண்ணினாய்?" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் இதை விளக்க வழியில்லை. கடைசியில் அவர் என் போனைத் தொட்டுக் காட்டி, "இது பேசுவதற்கு. பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்ணிலா, அரவிந்து, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா வெளிநாட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் படித்தால் நல்லதுதான். சலீமுக்குப் புரியாத அந்த ஒரு ரிங்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது.

2004-இல் நான் கிள்ளையில் படகுக்காரர்களிடம் நண்டும் இறாலும் வாங்கிக் கடலூர் ஓல்டு டவுனில் ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்துவந்தேன். வீடு சிதம்பரத்தில். போன் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் சிம்தான் இந்தியா முழுக்க எடுக்கும் என்றான். எனக்கு இந்தியா முழுக்க வேண்டாம், கிள்ளை முகத்துவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் எடுத்தால் போதும். அதனால் தெரிந்தவர்களிடம் ஆளுக்கொரு போன் கடன் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஆறுமுகத்தின் படகில் ஏறினேன். ஆறுமுகம் அந்தக் கரையில் நல்ல நண்டுக்காரர். போகப் போக ஒவ்வொரு போனிலும் டவர் குறைந்து செத்தது. கடைசிவரை எந்தப் போனில் ஒரு கோடு நின்றதோ அந்தக் கம்பெனி சிம்மை வாங்கினேன். என் பெயரில், என் போட்டோ கொடுத்து. ஐஸ் பெட்டியின் மூடியில் சிவப்புப் பெயின்டால் அந்த நம்பரை எழுதினேன்.

அதோடு ஒரு ஏற்பாடும் செய்தேன். படகு திரும்பும்போது டவர் கிடைத்த இடத்திலிருந்து ஒரு ரிங் விட்டால், சரக்கு சுமார், ஐஸ் பெட்டி மட்டும் கொண்டுவா. இரண்டு ரிங் விட்டால், சரக்கு ஜாஸ்தி, வாடகை வண்டியே பிடித்துவா. நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் கடலில் இருப்பவரின் பேலன்ஸ் போய்விடும், அப்புறம் அவசரத்துக்கு அவரால் யாரையும் கூப்பிட முடியாது. எடுக்காமல் இருப்பதுதான் நாணயமான வியாபாரி என்பதற்கு அடையாளம். கரை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த வருடக் கடைசியில்தான் சுனாமி. ஆறுமுகம் பிழைத்தார், அவர் படகு பிழைக்கவில்லை. நண்டு பிடிக்க ஆள் இல்லாத கரையில் நண்டு வாங்குபவனுக்கு என்ன வேலை? கொஞ்ச காலம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில் மஸ்கட்டுக்குக் கிளம்பினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், உங்கள் அம்மாவின் தம்பி பாஸ்கரிடம் அந்தப் போனைக் கொடுத்தேன்.

"நம்பர மட்டும் மாத்திடாத மச்சான். திரும்பி வந்து இதே நம்பர்லதான் வியாபாரம் பண்ணுவேன்."

"மாத்த மாட்டேன் மாமா. இது உங்க நம்பரு. நான் சும்மா பாத்துக்குறேன், அவ்ளோதான்."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். என் கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

படகுகள் மறுபடி வந்தன. பாஸ்கர் வியாபாரத்தைக் கையில் எடுத்தான். நான் ஒரு பெட்டியில் செய்ததை அவன் சொந்த வண்டி வைத்துச் செய்தான். நான் இங்கே என் போனில் அந்த நம்பரை என் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தேன், என்னுடையதுதானே என்று. வெள்ளிக்கிழமை லீவில் கூப்பிடுவேன். எந்த விஷயத்தைக் கேட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் மாமாவில் தொடங்கி மாமாவில் முடிப்பீர்கள். மாமா சைக்கிள் வாங்கித் தந்தார். மாமா ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டார். மாமா தைப்பூசத்துக்கு வடலூர் கூட்டிப்போய்த் தோளில் தூக்கி ஜோதி காட்டினார். நான் "சரிடா, சரிம்மா" என்பேன்.

ஒருமுறை பாஸ்கர் மீன் ஏலத்தில் இருந்தபோது வேறு யாரோ எடுத்தார்.

"யாருங்க?"

"கலியபெருமாள் பேசறேன்."

"எந்தக் கலியபெருமாளு?"

"இது என் நம்பருப்பா."

"இல்லீங்க, இது பாஸ்கர் அண்ணன் நம்பரு. நீங்க தப்பா போட்டுட்டீங்க." வைத்துவிட்டார்.

திருடியவன் மேல் கோபப்படலாம், ஊரைக் கூட்டலாம். கொடுத்ததை நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறவனை என்ன செய்வது? அவன் மேல் எனக்கு வந்ததற்குப் பெயர் பொறாமைதான். வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தப் பொறாமையில்தான் மஸ்கட்டில் ரூவி கடைத்தெருவில் ஒரு டச் போன் வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. "பிசினஸ் எந்தா?" என்று கேட்டார். நண்டு என்றேன். "ஞண்டு பிசினஸினு இது மதி", அதாவது இதுவே போதும் என்று, போட்டோ எடுத்து அப்படியே மெயிலில் அனுப்புவதையும், மேப்பையும் காட்டினார். எனக்கு அங்கேயே எல்லாம் தெரிந்துவிட்டது. கிள்ளையில் நண்டைப் போட்டோ எடுக்கிறேன், கடலூர் கம்பெனி மேனேஜருக்கு அனுப்புகிறேன், ஐஸ் கரைவதற்குள் விலை பேசி முடிக்கிறேன். பாஸ்கர் ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போனோடு ஓரமாக நின்று பார்க்கிறான். இந்தத் தடவை லீவில் போனால் திரும்பி வரப்போவதில்லை, நம்பரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

2011-இல் வந்தேன். மறுநாளே கிள்ளை படகுத்துறைக்குப் போனேன். பாஸ்கர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"வாங்க மாமா! துபாய் உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு போல."

"மஸ்கட்டு."

"எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான் மாமா."

நான் போனை எடுத்து ஒரு கூடை நண்டைப் போட்டோ பிடித்தேன். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. அனுப்பலாம் என்றால், கூடையைத் தொட்ட ஈர விரலுக்குத் திரை அசையவே இல்லை. வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டேன். ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறந்தது. ஒரு வழியாக மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் பாஸ்கரைக் கூப்பிட்டு, உயிர் நண்டா செத்த நண்டா என்று கேட்டார். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"உங்க போனுக்கு நண்டு வாசன புடிக்கல மாமா. வூட்ல ஏசியில வச்சி வளத்தது" என்றான் பாஸ்கர். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உதட்டால்.

அன்றைக்குத்தான் அவன் விஷயத்துக்கு வந்தான். நம் சிம் கம்பெனியின் டவர் இப்போது முகத்துவாரம்வரைகூட எடுப்பதில்லையாம். கரையோரமாக வேறொரு கம்பெனி டவர் போட்டிருக்கிறது, படகுக்காரர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். இவனும் இப்போது படகிலேயே போய்க் கடலில் சரக்கு வாங்குகிறான். அங்கே இவன் போன் செத்துக்கிடக்கிறது, கூப்பிடுகிறவர்கள் வேறு வியாபாரிக்குப் போய்விடுகிறார்கள்.

"இப்ப நம்பர மாத்தாம கம்பெனி மட்டும் மாத்திக்கலாம்னு வந்துடுச்சி மாமா. ஆனா சிம்மு உங்க பேருல இருக்குது. நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும். அதுக்குத்தான் உங்க லீவுக்குக் காத்துக்கினு இருந்தேன்."

"புதுசா ஒரு நம்பர் வாங்கிக்கிறதுதானே?"

"உங்ககிட்ட மாத்த மாட்டேன்னு சொல்லியிருக்கேனே மாமா."

வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, வந்ததுலேருந்து உர்ருன்னு இருக்கீங்க?" என்றாள்.

"அந்த நம்பர நானே வாங்கிக்கலாம்னு பாக்கறேன் செல்வி. இங்கயே இருந்துடறேன்."

அவள் சந்தோஷப்படுவதற்குள், வெண்ணிலா, நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்ப மாமா இன்னாப்பா பண்ணுவாரு?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அப்பா இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொன்னதற்கு, உன் வாயிலிருந்து முதலில் வந்தது மாமா.

நானே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று மறுநாள் பாஸ்கரிடம் சொன்னேன். என் டச் போனில் நம் பழைய கம்பெனியின் சிம் ஒன்று, அவன் கடன் வாங்கிவந்த போனில் புதுக் கம்பெனி சிம். முதல் போன் வாங்கியபோது செய்த மாதிரியே ஒரு சின்னப் படகில் போனோம். முகத்துவாரம் வருவதற்குள் என் போனில் டவர் கோடு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தாண்டி வெகு தூரம் போயும் அவன் கையில் இருந்தது முழுசாக நின்றது. அவன் அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கரைக்குத் திரும்பியதும் பாஸ்கர் ஐஸ் உடைக்கப் போனான். போகிறபோது இடுப்பிலிருந்த அந்தப் பட்டன் போனை எடுத்து, "இத கொஞ்சம் வச்சிருங்க மாமா, நனைஞ்சிடும்" என்று என் கையில் கொடுத்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நம்பர் என் கையில். இன்னும் சூடாக இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்கிறேன், மணி அடிக்கிறது. ஆறுமுகம். பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

"ஹலோ! ஆறுமுகமா? நான் கலியபெருமாள் பேசறேன்!"

"அய்யோ, எடுத்துட்டாங்கப்பா! யாருய்யா அது? உள்ள இருந்த பேலன்ஸே கொஞ்சம்..." பாதியில் போய்விட்டது.

துறையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கூடைக்காரப் பெண் ஒருத்தி, "மிஸ்டு கால எடுத்துட்டாரு, அட பாவமே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், சாமி சிலையை யாரோ தள்ளிவிட்ட மாதிரி. பாஸ்கர் ஓடிவந்தான். "ஒண்ணா ரெண்டா மாமா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது ரிங் வருவதற்கு நான்தான் விடவில்லையே. அவன் கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தான். "இந்நேரத்துக்குத் திரும்புறாருன்னா ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்று வண்டிக்கு ஆள் அனுப்பினான். அவன் சொன்னபடியே இருந்தது.

ஆறுமுகம் கரை ஏறியதும் என்னை அடையாளம் கண்டு கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"ஏம்பா கலியபெருமாளு, எங்களுக்கு ரிங்கு வுடக் கத்துக் குடுத்ததே நீதான். நீயே எடுத்துட்டியே! பாஸ்கரு இத்தினி வருசத்துல ஒரு தபா எடுத்ததில்ல தெரியுமா?"

யாரும் என்னைத் திட்டவில்லை. விருந்தாளி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டால் எப்படி "பரவால்ல, பரவால்ல" என்பார்களோ, அப்படிச் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சலீமிடம் பேசு பேசு என்று பாடம் கேட்டவன், பேசக் கூடாத இடத்தில் பேசிவிட்டு நிற்கிறேன். கை அதுவாகவே பட்டனுக்குப் போயிருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு கிள்ளையில் வியாபாரம் செய்ய முடியாது.

மறுநாள் சிதம்பரம் மேல வீதிக் கடையில் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி மாறியது, நம்பர் மாறவில்லை. கடைக்காரர், "யூஸ் பண்றவரு இவருதானே? பேரையும் இவருக்கே மாத்திடலாமே சார்" என்றார். பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாற்றிக் கொடுத்திருந்தால் நான் பெரிய மனிதன். "வேணாம், பேரு இருக்கட்டும்" என்றேன். இன்றைக்கும் அது என் பெயரில்தான் இருக்கிறது. டச் போனை வெண்ணிலாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

இப்போது தினமும் சாயங்காலம் பாஸ்கர் எனக்கும் ரிங் விடுகிறான். ஒரு ரிங் என்றால் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். இரண்டு என்றால் நான் கூப்பிட வேண்டும். அந்த நம்பரை நான் இன்னும் என் பெயரில்தான் பதிந்து வைத்திருக்கிறேன். ஒருநாள் வண்டி சிக்னலில் நிற்கும்போது ரிங் வர, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலீம் அதைப் பார்த்துவிட்டார். திரையில் இருந்த பெயரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கலியா, இது நீதானே? உன்னை நீயே கூப்பிடுகிறாயா? எடு, பேசு" என்றார்.

"நோ முஷ்கிலா" என்று சொல்லிக் கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டேன். என் பெயர் ஒரு தரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொரு ரிங் வருமா என்று சிக்னல் பச்சை ஆகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது.