கை தூக்கி ஜெயித்த பாலம்

ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் சக ஜீவன்களே, நம் தொழிலில் மேஜைமேல் வைக்கும் எதுவும் மணி அடிக்கும்வரை ஒழுங்காக நின்றதில்லை.

நான் சமஸ்தான ஆட்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவன். நான் படித்ததில் பெரும்பகுதி துண்டுப்பிரசுரம்தான். என்னோடு உள்ளே கிடந்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். எனக்குக் கிடைத்தது பழைய சமஸ்தானத் தலைநகரில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு, அதுவும் தற்காலிகமாக. இன்ஸ்பெக்டர் பார்த்துத் திருப்தி என்று எழுதினால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

தீர்மானம்

இரண்டு பெஞ்சுக்கு நடுவே தென்னை ஈர்க்கும் சணலும் கொண்டு பாலம் கட்ட வேண்டும். அது ஒரு செங்கல்லைத் தாங்க வேண்டும். பிள்ளைகள் பலகையில் நாலு படம் வரைந்தார்கள். எதைக் கட்டுவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆதரித்தும் எதிர்த்தும் பேசவிட்டு, கை தூக்கச் சொன்னேன். உச்சியில் கொடி வைத்த பாலம் அமோகமாக ஜெயித்தது. ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்கும் முக்கோணமாக வரைந்த செல்லம்மாவுக்கு அவள் கை மட்டும்தான்.

செங்கல்லை வைத்ததும் கொடியோடு எல்லாம் தரையில். வராந்தாவில் நின்ற ஹெட்மாஸ்டர், நாஞ்சில்நாட்டுக்காரர், நிதானமாகக் கேட்டார்: "ஓய், செங்கல்லு என்ன ஓட்டுக்குக் கட்டுப்படுமா வே?"

வெளிநடப்பு

அடுத்த வாரம் நாலையும் கட்டவைத்தேன். செல்லம்மாவின் பாலம் மட்டும் நின்றது. தோற்ற கோஷ்டிகள் செங்கல்லில் மோசடி என்று குற்றம்சாட்டி, வரிசையாக வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். செங்கல்லை எடுத்துப்போய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துச் சமாதானம் பேசினேன்.

பக்கத்து வகுப்பு ஞானம்மாள் டீச்சர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மத்த வாத்தியாருக்குப் பிள்ளைங்க பயப்படும், உங்க பிள்ளைங்களுக்கு நீங்கல்லா பயப்படுதீங்க."

இன்ஸ்பெக்டர்

வந்தவர் மலையாளி, தமிழ் பேசுவார். செல்லம்மா பாலத்தில் செங்கல் நின்றது. இன்னொரு செங்கல்லைக் கையில் எடுத்து, "இனி ஒண்ணு வைக்கட்டா?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் வேண்டாம் என்று எனக்குக் கை ஜாடை காட்டினார். என் வேலை அந்த ஈர்க்கில் தொங்கியது. நான் செல்லம்மாவைப் பார்த்தேன்; அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்:

"வைங்க சார். ஒடிஞ்சா எங்க ஒடியுதுன்னு தெரியுமில்லா."

ஒடிந்தது. இன்ஸ்பெக்டரை மறந்து வகுப்பே தரையில் குனிந்தது. "சணலு வழுக்கிட்டுல." "இல்லல, நடு ஈர்க்குதான்." ஒருவரும் கை தூக்கவில்லை. நடுவில் இரட்டை ஈர்க்கு வைத்து அவர்களே திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "உங்க போலீஸ் ரிப்போர்ட்டுல எல்லாத்தையும் உடைக்கிற ஆளுன்னு மாத்திரம்தான் இருக்கு சாரே, திரும்பக் கட்டவும் படிப்பிக்கும்னு நான் எழுதிச் சேர்க்கறேன்."

ஒரு சமஸ்தானம் விழ உழைத்ததற்கு ஒன்றும் தராத சர்க்கார், ஓர் ஈர்க்குப் பாலம் விழுந்ததற்கு எனக்கு நிரந்தர உத்தியோகம் தந்தது.