இரண்டு லைன், ஒரே குழாய்

பொன்செல்வி பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டில் பேசுவது நாங்குநேரித் தமிழ். கட்டட வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்த தம்பதியின் ஒரே மகள். டிப்ளமோ முடித்து, பழவங்காடியில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கிளினிக் நிறுவனத்தில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தாள். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்த சின்னக் கிளினிக்குகளை நகரத்தோடு இணைத்து வைப்பது அவள் பொறுப்பு.

இரண்டு வருடங்களுக்கு முன் எல்லாக் கிளினிக்கிலும் எஸ்டி-வேன் (SD-WAN) என்ற இணைப்புப் பெட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் இன்டர்நெட் லைன். எது நன்றாக ஓடுகிறதோ அதன் வழியே பெட்டியே தகவலை அனுப்பும்; ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாறிக்கொள்ளும். பொன்செல்வி தன் மேசையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் திரையில் பார்ப்பாள்.

விதுரா கிளினிக்குக்கு டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நர்ஸ் திவ்யலட்சுமி ஈசிஜி எடுத்து அனுப்புவாள். நகரத்திலிருக்கும் இதய டாக்டர் பார்த்துச் சொல்வார். பெட்டி வைத்த அன்று, வீடியோவில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே பொன்செல்வி ஒரு லைனைப் பிடுங்கிக் காட்டினாள். பேச்சு தடைபடவே இல்லை.

"கண்டல்லோ? ரெண்டும் ஒரே நேரத்துல அறுந்து போகாது கேட்டோ. பெட்டியில சிவப்பு லைட் வந்தா கொஞ்சம் வெயிட் பண்ணு, தானே வந்துரும்" என்று திவ்யலட்சுமியிடம் சொன்னாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை வேளையில் விதுராவின் இரண்டு லைனும் ஒரே நொடியில் சிவந்தன.

திரைதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாள். மூடித் திறந்தாள். சிவப்பு மாறவில்லை. திவ்யலட்சுமியின் மொபைலுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்தப் பக்கத்து மொபைல் டவருக்கும் கிளினிக்குக்குப் போகும் அதே கேபிள்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. மேலாளர் சேஷனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

நெடுமங்காடு தாண்டியதும் சாலையோரத்தில் ஜேசிபி நின்றது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் குழாய் கிழிந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து இரண்டு கேபிள்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அதனதன் கம்பெனிப் பெயர்.

பள்ளத்துக்குள் நின்ற தொழிலாளி பால்பாண்டியிடம், "இன்னொரு குழாய் எங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதாம்க்கா கெடந்துச்சு. வேற இல்ல."

பொன்செல்வி ஈர மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே குழாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தவற்றைத்தான் இத்தனை நாள் இரண்டு வழி என்று நம்பியிருந்தாள்.

விதுரா போய்ச் சேர்ந்தபோது கிளினிக்கில் நோயாளி யாரும் இல்லை. திவ்யலட்சுமி நாற்காலியில் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தாள்.

"போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ராஜையன் மாமா வந்தாரு சேச்சி. நெஞ்சு வலி. ஈசிஜி எடுத்தேன், போகல. அப்புறம் ஜீப் பிடிச்சு நெடுமங்காட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நல்லது செஞ்ச. உடனே அனுப்பினல்லே?"

அவள் தலை குனிந்தாள். "உடனே இல்ல சேச்சி. வெயிட் பண்ணுன்னு நீங்க சொல்லியிருந்தீங்கல்ல. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு அரை மணிக்கூறு நின்னுட்டேன்."

காத்திருக்கச் சொன்னது பொன்செல்விதான். அந்தப் பெண்ணைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

ராஜையன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. இனி மேட்டில் ஏறி வேலை செய்ய முடியாது என்றார்கள். மருத்துவமனையில் பார்க்கப் போன பொன்செல்வி தான் யாரென்று சொல்லி, நடந்ததையும் சொன்னாள். அவர், "வயரு அறுந்ததுக்கு நீ என்ன செய்வே மோளே" என்றார். அந்த வார்த்தை அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

அலுவலகத்தில் சேஷன், "ரெண்டு கம்பெனின்னா ரெண்டு லைன்தானேம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நம்பாமல் கேட்கவில்லை, அவருக்கும் அதிர்ச்சி அடங்கவில்லை. பொன்செல்வி ஒவ்வொரு கிளினிக்காகக் கிளம்பினாள். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கேபிள் போகும் சாலையோரம் நடந்து பார்த்தாள். பாலோட்டில் இரண்டு லைனும் ஒரே மின்கம்பத்தில் தொங்கின. வெள்ளறடையில் ஒரே பாலத்தின் அடியில் போயின. அங்கெல்லாம் ஒரு லைனை எடுத்துவிட்டு, வேறு வழியாக வரும் வயர்லெஸ் இணைப்பைக் கொடுக்கச் செய்தாள்.

விதுராவில் வயர்லெஸ் சிக்னலை மலை மறைத்தது. வேறு வழி கிடைக்கவில்லை. அந்தக் கிளினிக்குக்கு நேரே திரையில் 'இரண்டு லைன்' என்றிருந்ததை அழித்து, 'ஒரே வழி' என்று மாற்றினாள். பிறகு திவ்யலட்சுமியைப் போனில் அழைத்தாள்.

"இனி சிவப்பு வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காத. ஆளை ஜீப்பில ஏத்து. எங்கிட்டகூடக் கேக்க வேண்டாம்."

"செரி சேச்சி" என்றாள் அவள்.