நான் ராஜாவாக்கிய முத்துக்குளிக்காரர்

முட்டாள்தனம் என்று வந்துவிட்டால் நான் அதை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. எழுபதுகளில் ஒரு வருஷம், எங்கள் ஊர் அம்மனுக்குத் தல வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, அவளைக் கடலிலிருந்து தூக்கிவந்த மனிதரையே கதையிலிருந்து தூக்கிப்போட்டுவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. முழுக்கச் சொந்தப் புத்தி.

எங்கள் ஊர் கொற்கைக்குப் பக்கத்தில் வயல்காட்டு ஊர். நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். மாமியாரைப் பற்றி நான் எழுதிய நாலு வரித் துணுக்கு ஒன்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்திருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் எங்கள் கோவில் தர்மகர்த்தா அதைப் படித்துவிட்டு, "ஏலே, நீ எழுத்தாளன்லா! ஆடிக் கொடைக்குள்ள நம்ம அம்மன் கதைய ஒரு பொஸ்தகமா எழுதிக் குடு" என்றார். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு எடுக்கும் திருவிழா.

அம்மன் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். மேலே வந்த கூடையில் சிப்பிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கல். எடுத்து எறிந்தார். வேறு இடத்தில் முழுகினார், கூடையில் அதே கல். மறுபடி எறிந்தார். மூன்றாம் முறையும் அது வந்து உட்கார்ந்திருந்ததும், "சரி, இருந்து தொலை" என்று வள்ளத்தில் போட்டுக்கொண்டார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கழுத்தில் செபமாலை போட்டவர். அம்மனைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாகவே நடந்தார். தண்ணீர் குடிக்க எங்கள் ஊர் நாற்றங்காலில் இறக்கி வைத்தார். அப்புறம் கல் அசையவில்லை. வயல்காரர் ஓடிவந்து, "நாத்துமேல எவன்லே கல்லப் போட்டது?" என்று சண்டைக்கு நின்றார். "எங்கிட்ட ஏன் கேக்கீரு? அவளக் கேளும்" என்றாராம் இவர். கடைசியில் சமாதானமானார்கள். அம்மனை வைத்துக் கும்பிடுவது வயல்காரர் பொறுப்பு. அவள் குளிக்கக் கடல் தண்ணீர் கொண்டுவருவதும், முதல் மரியாதை வாங்குவதும் கடல்காரர் உரிமை.

இதை அச்சில் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றுவட்டாரத்துக் கோவில்களுக்கெல்லாம் முனிவர் சாபம், அரசர் கனவு, பசு தானாகப் பால் சொரிந்தது என்று இருக்க, எங்கள் அம்மனை மட்டும் ஒருத்தர் இரண்டு தடவை கடலில் வீசியிருக்கிறார்! ஆகவே முத்துக்குளிக்காரரை எடுத்துவிட்டு, கொற்கையிலிருந்து ஒரு பாண்டிய ராஜாவை இறக்கினேன். அம்மன் அவர் கனவில் வந்தாள், அவர் வெள்ளைக் குதிரையில் கடற்கரைக்குப் போனார், கடல் விலகி வழிவிட்டது. குதிரைக்கு மட்டுமே அரைப்பக்கம். தர்மகர்த்தா படித்துவிட்டுக் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது.

அதோடு விட்டேனா? முதல் பிரதியை, அந்த முத்துக்குளிக்காரரின் வழியில் வந்தவரிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். சொந்த வள்ளம் கிடையாது. அடுத்தவர் வள்ளத்தில் போய்ச் சங்கு குளிக்கிறவர். அவர் ஊரில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஆனால் கொடையன்று கடல் தண்ணீர்க் குடத்தோடு எங்கள் ஊருக்குள் வந்தால் தர்மகர்த்தாவே எழுந்து வழிவிடுவார். அவர் தலையில் பரிவட்டம் கட்டி, முதல் தேங்காய்முறியை அவர் கையில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு விபூதி. பாட்டன் வழியில் அவருக்கு வந்தது அது ஒன்றுதான்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார்.

"எங்க பாட்டன் எங்கனப்பா?"

"அவரத்தான் அண்ணாச்சி ராஜாவா உசத்திட்டேன்!" என்றேன், சம்பள உயர்வு கொடுத்த முதலாளி மாதிரி.

அவர் புத்தகத்தை மூடி என் சைக்கிள் கேரியரில் வைத்தார். கிளிப்பையும் இழுத்துவிட்டார்.

அந்தக் கிளிப் சத்தம் பத்து நாள் என் காதிலேயே இருந்தது. ஆபீசில் தூத்துக்குடி என்று அடித்தால் பாண்டியன் என்று விழுந்தது. கொடையன்று காலையில் மூன்று தடவை பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டு வந்தேன். நார்ப்பெட்டிகள் இறங்கின, கோழி இறங்கியது, அவர் மட்டும் இறங்கவில்லை. தர்மகர்த்தா அலட்டிக்கொள்ளவில்லை. "பொஸ்தகத்துலதான் கடல் தண்ணி இல்லைல்லா? கெணத்துத் தண்ணிய ஊத்துங்க" என்றார். அச்சில் வந்தது அவருக்கு வேதவாக்கு. வில்லுப்பாட்டுக்காரரிடமும், "அதுல என்ன போட்டிருக்கோ அதையே பாடும்" என்று சொல்லிவிட்டார்.

மத்தியானக் கொடை தொடங்கியது. வில்லில் மணிகள் குலுங்க ராஜா கனவு கண்டார், குதிரை ஏறினார். சாமியாடி மஞ்சள் வேட்டியோடு, கையில் வேப்பிலைக் கொத்தோடு நின்றார். வருஷா வருஷம் மூன்றாம் தடவை கூடை மேலே வருகிற அடியில்தான் அவருக்கு அருள் வரும். இப்போது குதிரை கடற்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. மேளக்காரர்கள் வியர்த்துக் கொட்டினார்கள். மனிதர் அசையவில்லை. ஒரு கண்ணைத் திறந்து வில்லுப்பாட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"கூடை எப்பம் வே வரும்?"

"இந்த வருசம் கூடை கெடையாது. குதிரைதான்."

அருள் வராமல் கொடை நகராது. பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பத்து நாளாக என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்த தர்மகர்த்தா இப்போது என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, நீ எழுதின குதிரையில ஏறிப் போயாவது அந்த மனுசனக் கூட்டிட்டு வந்துரு."

ஐந்து மைல். ஆடிக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெடலை மிதித்தேனோ, பெடல் என்னை மிதித்ததோ தெரியாது. அவர் வெளுத்த வேட்டி கட்டி, தலை வாரி, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாயில் துணி கட்டிய பித்தளைக் குடம், நிறைய. காலையிலேயே புறப்பட்டு, பஸ் ஏறாமல் இருந்திருக்கிறார்.

அவர் வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "பாண்டியனுக்க மந்திரி வந்திருக்காரு, பாய எடுத்துப் போடுங்க" என்றாள். உள்ளே யாரும் இல்லை.

"அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

"எங்க பாட்டன் கடல்ல எத்தனையோ தடவ முழுகி எந்திரிச்ச மனுசன்ப்பா" என்றார் அவர், குடத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒன் பொஸ்தகத்துல முழுகினவர்தான் எந்திரிக்கவே இல்ல."

நான் சைக்கிளை எங்கள் ஊர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினேன்.

"அவளுக்கு என்ன தண்ணி ஊத்துனிய?"

"கெணத்துத் தண்ணி."

அவர் முகம் சுருங்கியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

திரும்பும்போது காற்று எதிரே. கேரியரில் அவர், அவர் மடியில் குடம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடல் என் முதுகில் கொட்டியது. பாதி வழியில் அவரே இறங்கி, "இப்படியே போனா அவளுக்கு முன்ன நீதான் குளிப்ப" என்று குடத்தைத் தோளில் வைத்து நடக்க ஆரம்பித்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவர் கோவில் வாசலை மிதித்ததும் வில்லுப்பாட்டுக்காரர் யாரையும் கேட்காமல் குதிரையை விட்டு இறங்கிக் கூடையைக் கடலில் போட்டார். ஒரு தடவை வந்தது கல், எறிந்தார். இரண்டாம் தடவை வந்தது, எறிந்தார். மூன்றாம் தடவை கூடை மேலே வருவதற்குள் சாமியாடி துள்ளிக் குதித்துவிட்டார். அது அருளா, பழக்கமா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கிறதாக இல்லை. கடல் தண்ணீர் விழுந்தது. தர்மகர்த்தா தன் கையாலேயே பரிவட்டம் கட்டினார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். துண்டில் தேங்காய்முறியைச் சுற்றி வைத்துக்கொண்டு அவர் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்து நின்றார். சும்மா இருக்க எனக்குத்தான் வரவில்லை.

"மிச்சப் பொஸ்தகத்த எல்லாம் எரிச்சிருதேன் அண்ணாச்சி. புதுசா அடிப்போம். மொதப் பக்கத்துலயே உங்க பாட்டன். கூடை, கயிறு, செபமாலை, நாத்தங்கால் சண்ட, எல்லாத்தையும் போட்டுருதேன். எப்படி எழுதணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

பஸ் வந்தது. அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீ எழுதாத."