ஈரச்சாவியின் பதின்மூன்றாம் பாரம்

நூலகத்தின் பழுதுபார்க்கும் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நூல் தைத்துவரும் அவளை எல்லாரும் ஊசியக்கா என்றே அழைப்பர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் உறங்குகிறது. நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, சுட்டுவிரல் நுனியில் பசை காய்ந்து தோலாகிப்போன ஒரு தடிப்பு. இருந்த இடத்தில் இருத்தல் என்பதை இறைவன் அவளுக்கு அருளவில்லை. ஊசி ஓடும்போது கால் ஆடும். பசை காயும்போது அறையை நான்கு மூலைக்கும் அளந்து நடப்பாள்.

கதை எதையும் அவள் தொடக்கத்திலிருந்து படித்ததில்லை. பிரிந்து கையில் வந்த பக்கம் எதுவோ அதுவே அவளுக்குக் கதையின் வாயில். கொலை முதலில் வரும், கல்யாணம் பின்னால் வரும், கதாநாயகன் பிறப்பது மறுநாள். அதனால் அவளுக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை.

அவள் அறையை அடுத்த கூடத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு வாசகர் வட்டம் கூடும். பேய்க்கதை எழுதிப் புகழ் எய்திய ஒரே ஒருவரைப் பற்றி மட்டுமே அவர்கள் பேசுவர். நாற்பது நாவல் எழுதி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் அவருக்கு வட்டத்தார் சூட்டிய பெயர் பேய்வாத்தியார். அவருடைய தொடக்க நூல்கள் சிறந்தனவா, பிற்கால நூல்கள் சிறந்தனவா என்னும் வழக்கு ஆறு ஆண்டுகளாகத் தீர்ப்பின்றி நடந்தது. தொடக்கத்திற்கு வாதாடியவர் மருந்துக்கடைக்காரர். பிற்காலத்திற்கு வாதாடியவள் மருத்துவமனைச் செவிலி.

"பத்தாவது நாவலோட மனுஷன் பேனாவை மூடியிருக்கணும்" என்பார் மருந்துக்கடைக்காரர். "அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் சக்கை."

"உங்க கடை மாத்திரை மாதிரி எழுத்தாளருக்கும் காலாவதித் தேதி ஒட்டிட்டீங்களா அண்ணே?"

"ஒட்டத்தான் வேணும். ஆரம்பத்துல எழுதின ஈரச்சாவி நாவல்ல என்ன செஞ்சார்? பூட்டின ரூம். அந்தப் பொண்ணு சாவியைத் திருப்புறா, கதவைத் திறக்கிறா. முடிஞ்சுது! உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆறு வருஷமா அந்தக் கதவு என் கனவுல வருது. அதே ஆளு பின்னால எழுதின நிழல்குத்தகையைப் பாரு. பதினெட்டாம் அத்தியாயம் முடிஞ்சதும் இருபத்தொண்ணு! எண்ணக்கூட மறந்துபோச்சு. கடைசிப் பதினாறு பக்கத்துல வீடு வேற, ஆளு வேற."

"அதுக்குப் பேருதான் உத்தி. பேய் ரெண்டு அத்தியாயத்தை முழுங்கிடுச்சு. ஆளுங்க மறுபிறவி எடுத்திருக்காங்க. முடிவுல ஒரு சாவி வருதே, அது தன்னோட பழைய நாவலுக்கு அவரே வச்ச கும்பிடு. உங்களுக்கு மண்டையில ஏறலைன்னா அவர் என்ன பண்ணுவார்?"

வழக்கு முற்றும்போது நூலகர் கதவருகே வந்து, "ஊசியக்கா, நீங்க சொல்லுங்க" என்பார். அவளும் ஊசியைக் கீழே வைக்காமலே சொல்வாள்: "பழசெல்லாம் முதுகுல கிழியுது, முழுசாப் படிக்கிறாங்க. புதுசெல்லாம் கடைசிப் பக்கத்துல கிழியுது, பொறுமை இல்லாம முடிவைப் பாக்கிறாங்க." கற்றோர் இருவர் கட்டிய வாதம் இந்தச் சொல்லில் அடங்கும். தைப்பவள் பொய் சொல்லமாட்டாள் என்பது வட்டத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே அவள் வாழ்வில் அவள் ஈட்டிய ஒரே பெருமை.

அவ்வாண்டு பேய்வாத்தியார் புதிய நாவல் ஒன்றைத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அவருக்கு வட்டத்தின் சார்பில் ஒரு மடல் எழுதுவதென்று முடிவாயிற்று. ஈரச்சாவியைப் போல் கதவோடு நிறுத்துக, நிழல்குத்தகையைப் போல் மூளை குழம்பி எழுதற்க என்பது மடலின் சாரம். எழுதுபவர் மருந்துக்கடைக்காரர், அடுத்த ஞாயிறு அனைவரும் கையொப்பமிட வேண்டும். செவிலி தன் மறுப்பை அடியில் தனியே எழுதிக்கொள்ளலாம். "முதல் கையெழுத்து ஊசியக்காவோடது" என்றார் நூலகர். அவள் மகிழ்ந்தாள்.

திங்கட்கிழமை முதுகு விட்டுப்போன நிழல்குத்தகை அவள் மேசைக்கு வந்தது.

அச்சிட்ட பெருந்தாள் ஒன்றை மடித்தால் பதினாறு பக்கம் ஆகும். அதனைப் பாரம் என்பர். ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்க அடியிலும் இன்ன நூல், இத்தனையாவது பாரம் என்று எறும்பளவு எழுத்தில் ஒரு குறி இருக்கும். வாசகர் கண்ணில் அது படுவதில்லை. தைப்பவர் கண்ணுக்காகவே அது உள்ளது. அவள் வழக்கம்போல் கடைசியிலிருந்து நூலைப் பிரித்தாள். முதலில் கையில் வந்த பாரத்தின் அடியில் "ஈ-13" என்றிருந்தது. அதற்கு முந்தையதில் "நி-12"; நிழல்குத்தகையின் கதை அதிலேயே முடிந்திருந்தது.

அவள் எழுந்தாள். அமர்ந்தாள். மீண்டும் எழுந்து அடுக்கிலிருந்து ஈரச்சாவியை எடுத்துவந்து அடிக்குறிகளைப் பார்த்தாள். ஈ-12 என்பதோடு நூல் நின்றது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம், இருபதாம் அத்தியாயம், "கதவைத் திறந்தாள்" என்பது கடைசி வரி. இரண்டு நூலிலும் பச்சை இழை ஓடியது. பச்சை இழையால் தைப்பவள் அந்த நூலகத்தில் அவள் ஒருத்தியே.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மின்தூக்கி பழுதுபார்க்கும் அவள் கணவரின் கை கம்பிவடத்தில் சிக்கியதென்று செய்தி வந்த வாரம் அது. இரு நூல்களையும் பிரித்துப்போட்டபடி ஓடினாள். கை பிழைத்தது, இரண்டு விரல் மட்டும் மடங்காமல் நின்றன. திரும்பி வந்தவள் குறிகளைப் பார்க்கவில்லை. பக்க எண்ணை மட்டும் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்குப் பின் நூற்றுத் தொண்ணூற்றுமூன்று, சரிதானே! இரு நூலும் ஒரே பதிப்பகம், ஒரே தாள், ஒரே எழுத்து. இரண்டும் அதன்பின் மறுபடி அச்சாகவே இல்லை; வட்டத்தார் படித்ததெல்லாம் நூலகத்தின் இந்த ஒற்றைப் படிகளைத்தான். ஆறு ஆண்டுகளாக வட்டத்தார் வியந்ததும் இகழ்ந்ததும் அவள் ஊசி செய்த பிழையை.

நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தாள். ஈரச்சாவியின் நாயகிக்கு நூல் முழுதும் பெயர் இல்லை, 'அவள்' மட்டுமே. இருபத்தோராம் அத்தியாயம் இருபது ஆண்டுகள் கழிந்து வேறொரு வீட்டில், பெயர் பெற்ற வேறு மாந்தரோடு தொடங்குகிறது. அவ்வீட்டில் மாமியாராகிவிட்ட ஒருத்தி ஓயாமல் கை கழுவுகிறாள். இறுதி இரண்டு பக்கங்களில்தான் உண்மை வெளிப்படுகிறது. கதவுக்குப் பின்னால் பேய் இல்லை. இறந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லப்பட்ட ஒரு பெண் உயிரோடு இருந்தாள். அன்று கதவைத் திறந்தவளே இந்த மாமியார்; பார்த்தாள், மீண்டும் பூட்டினாள், யாரிடமும் சொல்லவில்லை. சாவியின் ஈரம் அவள் கை வேர்வை.

அந்த வாரம் ஊசியக்காவின் கை அவளுக்குப் பணியவில்லை. பசை கிண்ணத்திலேயே இறுகிற்று. தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததை மீண்டும் தைத்தாள். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்தாள். வியாழனன்று மாலை கணவரே கேட்டார்.

"என்னம்மா, காலுல சக்கரம் கட்டிக்கிட்டியா? ரூமுக்கும் சமையக்கட்டுக்கும் நடந்து நடந்து தரை தேயுது."

அவள் சொன்னாள். அவர் சிரித்தார்.

"இவ்வளவுதானா? அந்தப் பதினாறு பக்கத்தைச் சத்தமில்லாம கிழிச்சுப் போடு. கதவைத் திறந்தா, முடிஞ்சுதுன்னு அவங்க சந்தோஷமா இருக்காங்க. யார் குடி முழுகப் போகுது?"

"ஏங்க, லிஃப்டை எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் கீழ ஒரு போல்ட் மிச்சமாக் கிடந்தா என்ன செய்வீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. மடங்காத விரல்களைச் சற்றுநேரம் பார்த்தார். "படியேறிப் போய் மறுபடி கழட்டுவேன்" என்றார்.

"ஏழு வருஷம் ஓடினப்புறமும்?"

"ஓடினதுக்கு அப்புறம்னா ஓடியே போவேன். என்ன, ஏறும்போது வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. காதை வீட்டுல வச்சுட்டுப் போகணும்."

ஞாயிறன்று மடல் செம்மையாக எழுதப்பட்டு மேசைமேல் இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதனை உரக்கப் படித்தார். தம் சொற்களில் தாமே நனைந்தார். நூலகர் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல், இரு நூல்களையும் தனியே நின்ற பாரத்தையும் மடல்மேல் வைத்தாள்.

"இது ஈரச்சாவியோட கடைசிப் பாரம். ஏழு வருஷமா நிழல்குத்தகையில இருந்துச்சு. மாத்தித் தைச்சது நான்தான். அவர் எண்ண மறக்கல. நான்தான் குறி பாக்க மறந்தேன்."

முதலில் சிரித்தவள் செவிலி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ, என் மறுபிறவி! என் உத்தி! ஆறு வருஷம் வாதாடினேனே!"

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. பாரத்தை எடுத்து அடிக்குறியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமை."

"ஆறு நாள் சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இல்ல அண்ணே. நடந்துக்கிட்டே இருந்தேன்."

"தப்பாத் தர்ற மருந்துக்கு என் கடையை இழுத்து மூடுவாங்க அக்கா" என்றார் அவர். "உங்க வார்த்தைக்கு நான் எத்தனை தடவை வாயை மூடியிருக்கேன்!"

காதை வீட்டில் வைத்துவிட்டு வருவது சொல்வதற்கு எளிது.

எல்லாரும் முன்பே வேறு நூலில் படித்திருந்த அத்தியாயத்தை, ஈரச்சாவியின் முடிவாக நூலகர் படிக்கத் தொடங்கினார். கை கழுவும் மாமியாரிடம் வந்தபோது செவிலி சாய்விலிருந்து நிமிர்ந்தாள். கதவு மீண்டும் பூட்டப்பட்டபோது மருந்துக்கடைக்காரர் தம் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதைச் சேர்க்காதீங்க" என்றார் அவர். "என் கதவு திறந்தபடியே இருக்கட்டும்."

"அது உங்க கதவு இல்லண்ணே" என்றாள் செவிலி. "அவர் எழுதினது."

"எது நல்லா இருக்குன்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணலாமே" என்று நூலகர் இழுத்தார்.

"அதுல முடிவு பண்ண ஒண்ணும் இல்ல சார்" என்றாள் ஊசியக்கா. "ஈரச்சாவிக்குப் பதிமூணு பாரம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர்கள் முன்னிலையிலேயே தைத்தாள். மருந்துக்கடைக்காரர் மடலை இரண்டாகக் கிழித்தார்; பின் வேறொரு தாள் எடுத்து, யாரையும் பாராமல் எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார். அதில் என்ன எழுதினார் என்பதை அன்று யாருக்கும் காட்டவில்லை. கையொப்பமும் கேட்கவில்லை.

அவள் மனம் அதிலும் தங்கவில்லை. கணவருக்கு அடிபட்ட அந்த வாரம் தான் தைத்தவை இரண்டு நூல் மட்டும்தானா? பழுதுபார்ப்புப் பதிவேட்டைப் புரட்டினாள், பதினொன்று. மயங்கிய இரண்டும் போக, ஏழு நூல்களை அன்றே அடுக்கிலிருந்து இறக்கிக் குறி பார்த்தாள். ஏழும் பிழையின்றி இருந்தன. வெளியே போயிருந்த இரண்டில் ஒன்று செவிலியின் பையிலேயே இருந்தது, அதுவும் சரி. பதினொன்றாவதை இரவல் கொண்டவர் தையற்கடைக்காரர் ஒருவர். முகவரியை எழுதிக்கொண்டு, கூட்டம் கலையுமுன்னே வெயிலில் கிளம்பினாள்.

தையற்கடைக்காரர் நூலைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு மறுத்தார்.

"நாப்பதாம் பக்கத்துலதான் இருக்கேன். இப்பத்தான் சூடு பிடிக்குது. முடிச்சுட்டுத் தரேனே."

"முடிவு இருக்கான்னு மட்டும் பாத்துட்டுத் தந்துடறேன்."

"இல்லாமப் போகுமா?"

"போகும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அரைமனத்தோடு நூலை நீட்டினார். "என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

அவள் கடைவாசலில் நின்று, கதை கண்ணில் படாதபடி பக்கத்தின் மேற்பாதியை இடக்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாரத்தின் அடியையும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.