கடைசிக் காம்பராவுக்குப் போன தண்ணீர்

தண்ணீர் ஒட்டாத ஸ்பிரே விற்கிறவன் மழை வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வான். மழை வந்ததும் வாங்கினவர்கள் கண்ணில் படாமல் ஓடி ஒளிவான். குலுக்கி, சுவரிலோ தகரத்திலோ அடித்துக் காயவிட்டால் ஈரமும் பாசியும் கறையும் அண்டாது என்பது டின்னில் எழுதியிருக்கும் சத்தியம். பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் முதலாளி இதைப் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த மழை முடியிறதுக்குள்ள டின் எல்லாம் போகணும், இல்லாட்டி நீ போகணும்." வீட்டிலோ கைக்குழந்தை. படியேறிப் பொருள் விற்றுத் திட்டு வாங்கிய சக பாவிகளே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

வெலிமடைச் சுவர்

வெலிமடையில் ஒரு மரக்கறிக் கடை. லீக்ஸ், கெரட் மூட்டை தூக்குகிறவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பித் துப்பியே கடையின் வெள்ளைச் சுவரைச் சிவப்பாக்கியிருந்தார்கள். கழுவி, வெள்ளையடித்து, மேலே ஸ்பிரே அடித்தேன். அதன்பின் துப்பியதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

அடுத்த வாரம் போனால் மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். சுவர் முன்னைவிடச் சிவப்பு. மூட்டை தூக்கும் அண்ணன் ஒருத்தர் வாய் நிறைய வெற்றிலையோடு எனக்கு விளக்கினார்: "முன்னெல்லாம் துப்புறப்ப மனசு ஒரு மாதிரியா இருக்குங்க, இப்பதான் கழுவினா போயிருதே!"

சாமிக்கு வந்த கோபம்

அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மரத்தடி முனியாண்டிக் கல்லில் பாசி பிடிக்கிறது என்று பூசாரி குறைப்பட, சும்மாவே அடித்துக் கொடுத்தேன். சாமியே நம்ம வாடிக்கை என்றால் தோட்டமே வாங்கும் என்று ஒரு நப்பாசை. வெள்ளிக்கிழமை பூசையில் சந்தனம் வைத்தார்கள், வழுக்கியது. குங்குமம் வைத்தார்கள், கொட்டியது. மஞ்சள் தண்ணி முத்து முத்தாக உருண்டு ஓடியது. சாமி எதையும் ஏற்கவில்லை என்று சனம் நடுங்கிப்போனது. விஷயம் தெரிந்தால் என்னை அதே மரத்தில் கட்டிவைப்பார்கள்.

சில வாரம் கழித்து, பெயின்ட் கழுவும் தின்னரும் தேங்காய் நாருமாக யாருமில்லாத நேரம் பார்த்துக் கல்லைத் தேய்க்கப் போனேன். பூசாரி பதறி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தேய்ச்சிராதீங்க தம்பி, சாமி கோவமா இருக்காருன்னு வெள்ளிக்கு வெள்ளி சேவல் வருது, பொங்கல் வரைக்கும் கோவமாவே இருக்கட்டும்!"

ஒரே கூரை

கடையில் இன்னும் சில பெட்டி கிடந்தன. த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு மடுல்சீமையில் பஸ் போகாத ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போனேன். நீளமாக ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதல் காம்பராக்காரர் ஆணி ஓட்டைகளுக்கு அடிக்கச் சொன்னார். ஒழுக்கு நின்றது. ஆனால் கூரை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததால், தண்ணீர் மரச்சட்டம் வழியே போய் அடுத்த காம்பராவில் கொட்டியது. அந்த வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே டின் வாங்கினார். தண்ணீர் அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. மழை விட்டால் அடிப்பதும், பெய்தால் திட்டு வாங்குவதுமாக வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளூர எனக்கு ஒரே குஷி.

கடைசிக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா இருந்தார். லயத்துத் தண்ணீர் மொத்தமும் அவர் அடுப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா திட்டவில்லை, பிள்ளை தூங்கும் தொட்டிலை மட்டும் மூலைக்கு மூலை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு என் பிள்ளை ஞாபகம் வந்தது. வேலை போனால் போகட்டும் என்று, மழை விட்டதும் மிச்ச டின் எல்லாவற்றையும் காசு வாங்காமல் அவர் கூரைக்கே அடித்துத் தீர்த்தேன். "இனி இந்தத் தண்ணி எங்க போகும்னு எனக்கே தெரியலக்கா" என்றேன். அக்கா சரிவில் கீழே தெரிந்த தோட்ட மேலாளரின் பங்களாவை எட்டிப் பார்த்தார். "தொரை பங்களா கீழதானே இருக்கு, அவுங்களும் ஒரு நாளைக்கு நனையட்டும்ங்க தம்பி!"

முதலாளியின் தீர்ப்பு

வெறும் பெட்டியோடு வந்து முதலாளியிடம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "நீ சும்மா அடிச்ச டின் காச ஒன்ட சம்பளத்துல பிடிச்சிக்கிறேன். கொழும்புல இருந்து இன்னும் பத்துப் பெட்டி வருது, மொதல்ல அந்தப் பங்களாவுக்குக் கொண்டு போ."

எங்கள் சரக்கு தண்ணீரை நிறுத்துவதில்லை, அடுத்தவர் தலைக்கு மேலே அனுப்பிவைக்கிறது. அதனால்தான் நான் இன்னும் வேலையில் இருக்கிறேன்.