குரங்குக்குப் பாவம் பார்க்கிறவர்கள்

இந்த ஊரில் குரங்குக்கு டிவி போட்டுவிடுவதும் என் வேலைகளில் ஒன்று. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பராமரிக்கிறேன். கையில் இரண்டு உறை, முகத்துக்கு முன்னே பிளாஸ்டிக் தடுப்பு என்று மாட்டிக்கொண்டு போய், கூண்டு கழுவி, ஆப்பிள் நறுக்கி வைத்து, கார்ட்டூன் போட்டுவிட்டு வருவேன். அடைந்து கிடக்கிற பிராணிக்கு மனசு வெறுத்துப் போகக் கூடாதாம். அதே பிராணிக்குத்தான் ஊசியில் கிருமியை ஏற்றுகிறார்கள். என்ன ஒரு அக்கறை!

கிருமியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். எய்ட்ஸ் தருகிற மனிதக் கிருமி இந்தக் குரங்குகளை ஒன்றும் செய்யாது. அதனால் குரங்குக் கிருமி ஒன்றுக்கு மனிதக் கிருமியின் மேலுறையைப் பொருத்தி, புதிதாக ஒன்றை இவர்களே செய்திருக்கிறார்கள். அது உள்ளே போய் எப்படி நோயாகிறது, எந்த மருந்து தடுக்கிறது என்று பார்ப்பார்கள். சில குரங்குகள் தேறும். சில எலும்பும் தோலுமாகி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். கூண்டு அட்டையில் ‘இந்திய வம்சாவளி’ என்று போட்டிருக்கும். திருக்கோகர்ணம் கோயிலில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அந்த இனம் இல்லை; வடக்கத்திச் செம்முகக் குரங்கு. எந்தக் காலத்திலோ பிடித்து அனுப்பியவற்றின் வாரிசுகள். இவை இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

கூட வேலை செய்யும் லிண்டா ஒருநாள் கேட்டாள்: “நீங்கள் இதைக் கடவுளாகக் கும்பிடுவீர்களாமே, உனக்குக் கஷ்டமாக இல்லையா?” கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகும் ஏன் இந்த வேலையில் இருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. என் அக்காவுக்கு எச்.ஐ.வி. மச்சானிடமிருந்து வந்தது; அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா தினமும் விழுங்கும் மாத்திரையில் உள்ள ஒரு மருந்து, இப்படிக் குரங்குகளிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். மாத்திரையால்தான் அவள் இன்று வயல்வேலைக்குப் போகிறாள். பெற்ற பிள்ளைக்கும் நோய் ஒட்டவில்லை.

அந்தப் பிள்ளை தேன்மொழிக்குப் போன மாதம் காதுகுத்து. பொன்னமராவதிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ விசா சிக்கல். கிளம்பினால் திரும்பி வர முடியாது. சித்தப்பா மகன் முருகேசனும் மாமன் முறைதானே, அவன் உட்காருவதாகப் பேச்சு. அங்கே விடிகாலை முகூர்த்தம், இங்கே முந்தின நாள் சாயங்காலம். வேலை முடிந்து காருக்குள் உட்கார்ந்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டால், எடுத்தது சித்தப்பா.

“முருகேசனுக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சுப்பா. சம்மணம் போட முடியலங்கிறான்.”

“வேற யாராச்சும் உக்காரச் சொல்லுங்க.”

“ஆளுக்கொரு சோலி இருக்கும்ல.” குரலைத் தாழ்த்தினார். “ரத்தம் கித்தம் வரும் தம்பி. எதுக்கு வம்பு?”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு சித்தப்பா!”

“அது கெடக்கட்டும். நீ அங்கிட்டு கொரங்கைச் சீக்காக்குறியாமே? ஆஞ்சநேயரு இல்லையா அது? வாயில்லா ஜீவன், பாவம்ப்பா. வேற வேலையப் பாரு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! மச்சானின் கருமாதியில் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு, அக்காவுக்கு மட்டும் பேப்பர் தட்டில் சோறு வைக்கச் சொன்ன மனுஷன் இவர். அவருக்குக் குரங்கு மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வருகிறது.

“வாயுள்ள ஜீவன் ஒண்ணு ஒங்க எதிர்ல நிக்கிதே, அது மேல வரலையா பாவம்?” என்று கத்தினேன். கத்தக் கத்தக் கண்ணில் நீர் கொட்டியது.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினேன். லிண்டா. அன்று மத்தியானம்தான் தேறாத குரங்கு ஒன்றுக்குக் கடைசி ஊசி போட்டிருந்தார்கள். “அதற்காகவா அழுகிறாய்? இப்போது அதற்கு வலியே இல்லை,” என்று என் தோளைத் தட்டினாள். இவளுக்கு எங்கேயிருந்து ஆரம்பித்துச் சொல்வது? தலையை ஆட்டி அனுப்பினேன்.

அதற்குள் போன் அக்கா கைக்கு வந்திருந்தது. அவள் அழவில்லை.

“விடுடா. இவங்ககிட்ட என்ன பேச்சு?”

பலகையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். போனைத் தன் மடியில் மல்லாக்க வைத்தாள். வேப்பங்கிளையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

“இதான் ஒங்க மாமன் மடி. உக்காரு தாயி.”

பச்சைப் பாவாடையின் சரிகை ஒரு கணம் மின்னியது. அப்புறம் திரை முழுக்க இருட்டு. “குத்துங்க ஆசாரி,” என்று அக்கா சொல்வது கேட்டது. பிள்ளை வீறிட்டது.

“தம்பி, ஆடாம புடிச்சுக்கடா!”

நான் கார் சீட்டில் இரண்டு தொடையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டேன்.